முன்சக்கரம் ஏன் இழுக்கவில்லை? வாசகர் கேள்வி – பதில்

பழைய எஸ்யூவி வண்டிகளின் நான்கு சக்கர இயக்கம் பற்றி வந்த கடிதங்களில் நான்கினை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு கடிதங்களில் கேட்கப்பட்டிருக்கும் கோளாறுகள்தான் பெரும்பாலானவர்களை அலைக்கழிப்பவை என்பதால் அவற்றுக்குச் சற்று விரிவாகவே பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது 18 ஆண்டுகள் ஓடிய டீசல் எஸ்யூவி. டேஷ்போர்டில் உள்ள சுவிட்சை 2எச் (பின்சக்கரங்கள் மட்டும்) நிலையிலிருந்து 4எச் (நான்கு சக்கரங்களும்) நிலைக்குத் திருப்பினால், நான்கு சக்கர விளக்கு சிறிது நேரம் சிமிட்டிவிட்டு அணைந்துவிடுகிறது. சேற்றில் பின்சக்கரங்கள் மட்டுமே சுழல்கின்றன. சில நாட்களில் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லாமல் வேலை செய்கிறது. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) மோட்டார் போய்விட்டது, புதியது போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் பேட்டரியை மாற்றினேன். மோட்டாரையும் மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்தில் இரண்டு வரிகள் என்னைத் தயங்க வைக்கின்றன. சில நாட்களில் ஒழுங்காக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழுவதும் எரிந்துபோன மோட்டார் எந்த நாளிலும் வேலை செய்யாது. அண்மையில் பேட்டரி மாற்றப்பட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது அதன் முனைகளும் எர்த் கம்பிகளும் (மின்சாரம் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்ப உதவுபவை) தொடப்பட்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால், மோட்டாரைவிட அதற்கு மின்சாரம் போய்ச் சேரும் வழியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த வழியை ஒருமுறை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் திருப்பும் சுவிட்சு எதையும் நேரடியாக இயக்குவதில்லை; அது கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு ஒரு விருப்பத்தை மட்டும் தெரிவிக்கிறது. பெட்டி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சு) வழியாக மோட்டாருக்கு மின்சாரம் அனுப்புகிறது, மோட்டார் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஷிஃப்ட் ஷாஃப்டைத் திருப்புகிறது, உள்ளே உள்ள ஃபோர்க் என்னும் கவை, ஸ்லீவ் என்னும் பல்வளையத்தைத் தள்ளி முன்பக்கத் தண்டைப் பின்பக்கத் தண்டோடு இணைக்கிறது. இணைந்ததா இல்லையா என்பதை ஒரு நிலை உணரி பெட்டிக்குத் திருப்பிச் சொல்கிறது. கேட்ட நிலையும் உணரி சொல்லும் நிலையும் ஒத்துப்போகாத வரையில் விளக்கு சிமிட்டும். சில முறை முயன்று பார்த்துவிட்டுப் பெட்டி கைவிட்டுவிடும். ஆகவே சிமிட்டி அணைகிறது என்றால், கட்டளை புறப்பட்டிருக்கிறது, ஆனால் நடந்து முடிந்தது என்ற செய்தி திரும்பி வரவில்லை என்று பொருள். எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

முதல் சோதனைக்குக் காது போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திய நிலையில் சாவியை மட்டும் போட்டு, ஓசையில்லாத நேரத்தில் ஒருவர் சுவிட்சைத் திருப்ப, இன்னொருவர் வண்டியின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் குனிந்து கேட்கட்டும். எந்த ஓசையும் இல்லையென்றால் ஃப்யூஸ், சுவிட்சு, பெட்டிக்கான மின்சாரம் என்று மேல்பக்கம் தேட வேண்டும். ரிலேயின் ‘டிக்’ மட்டும் கேட்டு மோட்டார் அசையவில்லை என்றால், ரிலேக்கும் மோட்டாருக்கும் நடுவில், அல்லது மோட்டாரில் கோளாறு. மோட்டார் ஒரு நொடி உறுமி நின்று, மறுபடி உறுமுகிறது என்றால் மின்சாரம் போகிறது. ஷாஃப்ட் இறுகியிருக்கிறது, அல்லது உணரி தவறாகச் சொல்கிறது. மெக்கானிக்கிடம் போகும் முன்பே இந்த மூன்றில் உங்கள் வண்டி எது என்பது தெரிந்துவிடும். இயந்திரம் ஓடினால்தான் இணைப்பை அனுமதிக்கும் வண்டிகளும் உண்டு என்பதால், சாவி போட்டும் முற்றிலும் அமைதியாக இருந்தால், இயந்திரத்தை ஓடவிட்டு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அப்போது யாரும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது.

அடுத்தது மல்ட்டிமீட்டர். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும், 12.2 வோல்ட்டுக்குக் கீழே போனால் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். இவை சரியாக இருந்தால் எர்த் பக்கம் வாருங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றொன்றை நான்கு சக்கரக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் எர்த் கம்பியிலும் வைத்துக்கொண்டு, மோட்டார் இயங்க முயலும் அந்த நொடியில் அளவைப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதைவிடக் கணிசமாக அதிகம் காட்டினால் எர்த் பழுது. சுமையில்லாமல் அளந்தால் இந்தப் பழுது தெரியவே தெரியாது. பத்து இழைகளில் ஒன்பது அறுந்துபோன கம்பிகூட மீட்டருக்கு 12 வோல்ட்டைக் காட்டிவிடும். மோட்டாரை இழுக்கச் சொன்னால்தான் அதன் பலவீனம் வெளிப்படும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் ஒருமுறை, பெட்டி ஒருமுறை என்று இரண்டும் மாற்றப்பட்ட பிறகும் அதே தொல்லையோடு என் கைக்கு வந்த வண்டி ஒன்றை நான் மறக்கவில்லை. வண்டியின் அடிச்சட்டத்துக்குத் துருத் தடுப்பு வண்ணம் அடித்தபோது, எர்த் போல்ட்டைக் கழற்றிவிட்டு வண்ணத்தின் மேலேயே திரும்ப முடுக்கியிருந்தார்கள். போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. எர்த் கம்பியின் வளையத்துக்கு அடியில் ஒரு நாணய அளவுக்கு வண்ணத்தைச் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்ததும் திரும்ப முடுக்கினேன். மறுநொடியே 4எச் விழுந்தது. அந்த வண்டிக்காரர் வாங்கிய இரண்டு உதிரிப்பாகங்களும் தேவையே இல்லாதவை.

எர்த் நன்றாக இருந்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேல் உள்ள கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். சேறு, தண்ணீர், அழுத்தத்தோடு அடிக்கும் வாட்டர் வாஷ் எல்லாம் படும் இடம் அது. வெளியே பார்க்கச் சுத்தமாக இருக்கும். பிரித்தால் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்திருக்கும், அதற்கு நேர் கீழே உள்ள ஒரே ஒரு பின் மட்டும் பச்சை பூத்திருக்கும். கனெக்டர் கிளீனர் தெளித்து மென்மையான தூரிகையால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்குள் இன்னும் வேகமாக அரிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்த பிறகே மோட்டாரைக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறியிட்டுக்கொள்ளுங்கள்; புதிய மோட்டாரானாலும் பழைய மோட்டாரானாலும் அதே கோணத்தில்தான் திரும்ப உட்கார வேண்டும். தடித்த இரு கம்பிகள் மோட்டாருக்கானவை, மெல்லியவை உணரிக்கானவை. வெளியே எடுத்த மோட்டாருக்கு ஃப்யூஸ் வைத்த கம்பியால் ஒரு நொடி மட்டும் 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், பிறகு கம்பிகளை மாற்றி எதிர்த்திசையிலும் பாருங்கள். வெளியே துள்ளிச் சுழன்றால் குற்றம் மோட்டாரில் இல்லை. அப்போது ட்ரான்ஸ்ஃபர் கேஸின் ஷாஃப்டை ஸ்பானரால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று நேர்ப்படுவதற்கு வண்டியைக் கையால் ஒரு சாண் தள்ள வேண்டியிருக்கலாம். பல ஆண்டுகள் 4எச் போடாத வண்டிகளில் இந்த ஷாஃப்ட் துருவேறி இறுகியிருப்பது மிகச் சாதாரணம். மோட்டாரே சுழலவில்லை என்றாலும் உடனே தூக்கி எறிய வேண்டாம். திறந்து பார்த்தால் பழைய கிரீஸ் மெழுகுபோல் கட்டியாகி, கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) அசைய முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்து புதிய கிரீஸ் வைத்ததும் உயிர் பெற்ற மோட்டார்கள் பல. பிரஷ் தேய்ந்து முடிந்திருந்தாலோ, உணரியின் தொடுதகடு பள்ளம் விழுந்திருந்தாலோ, அப்போது புதிய மோட்டார் வாங்குவதில் நியாயம் இருக்கிறது.

கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றியும் ஒரு சொல். விலை குறைந்த ஸ்கேனர்கள் பெரும்பாலும் இயந்திரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு மட்டுமே பேசும். நான்கு சக்கரப் பெட்டியைப் படிக்கக்கூடிய கருவி வேண்டும். அது ‘மோட்டார் சர்க்யூட்’ என்று குறியீடு காட்டினால், கம்பி, கனெக்டர், எர்த், மோட்டார் எல்லாமே அந்தச் சர்க்யூட்டில் அடங்கும். குறியீடு தெருவைக் காட்டும்; வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

கேள்வி: என் வண்டியில் 4எச் போட்டால் விளக்கு நிலையாக எரிகிறது, கீழே மோட்டார் ஓசையும் கேட்கிறது. ஆனால் மணலில் பின்சக்கரங்கள் மட்டும் தோண்டுகின்றன, முன்சக்கரங்கள் சும்மா நிற்கின்றன. வேக்கத்தில் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தில்) இயங்கும் ஹப் (சக்கரத்தைப் பக்கத் தண்டோடு பூட்டும் பாகம்) உள்ள வண்டி இது. ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. பல பழைய வண்டிகளில் அந்த விளக்கு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இணைந்ததை மட்டுமே தெரிவிக்கும். சக்கரத்தில் உள்ள ஹப் பூட்டிக்கொண்டதா என்று அதற்குத் தெரியாது. ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பிரிப்பதற்கு முன் ஒரு ஜாக்கியை வைத்தே குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இயந்திரத்தை ஓட்டி 4எச் போட்டு, இளகிய தரையில் சில மீட்டர் நேராக நகர்த்தி நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். வேக்கம் இறங்கிவிடும் முன் தாமதமின்றி ஒரு முன்சக்கரத்தை மட்டும் தூக்கி ஸ்டாண்டு வைத்துக் கையால் சுழற்றுங்கள். எல்லாம் நன்றாக இருந்தால் சக்கரம் சிறிது ஆடுமே தவிரச் சுழலாது. சுழன்றால் உள்ளே எட்டிப் பாருங்கள்: சக்கரத்தோடு பக்கத் தண்டும் சேர்ந்து சுழல்கிறதா? தண்டு அசையாமல் சக்கரம் மட்டும் சுழன்றால் இந்தப் பக்க ஹப் பூட்டவில்லை. தண்டும் சுழல்கிறது, ஆனால் முன்பக்க ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் வரும் நீண்ட தண்டு) நிற்கிறது என்றால் இந்த ஹப் நன்றாக இருக்கிறது, மறுபக்க ஹப்தான் விட்டிருக்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டும் சேர்ந்து சுழன்றால் மட்டுமே ட்ரான்ஸ்ஃபர் கேஸ்மேல் சந்தேகம் திரும்ப வேண்டும்.

நடுவில் சொன்ன நிலை பலருக்கு வியப்பாக இருக்கும். முன்பக்க டிஃபரன்ஷியல் (இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டுச் சுழற்சியைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி) எந்தப் பக்கம் எதிர்ப்புக் குறைவோ அந்தப் பக்கமே சுழற்சியைத் தள்ளிவிடும். ஒரு பக்க ஹப் பூட்டாவிட்டால், அந்தப் பக்கத் தண்டு வெறுமனே சுழன்று எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நன்றாக உள்ள மறுபக்கச் சக்கரத்துக்கும் இழுவை போகாது. ஆகவே இரண்டு சக்கரமும் நிற்கின்றன என்பதற்காக இரண்டு ஹப்பும் பழுது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி வேக்கத்தின் பாதை. டீசல் இயந்திரத்தில் வேக்கத்துக்கென்று தனிப் பம்ப் இருக்கும்; பெரும்பாலும் அதே பம்ப்தான் பிரேக் பூஸ்டருக்கும் உதவுகிறது. எனவே பிரேக் பெடலும் வழக்கத்தைவிட இறுகியிருந்தால் முதலில் பம்ப்பையே அளந்து பாருங்கள். வேக்கம் மானியில் 0.8 பார் அளவை ஒட்டி வர வேண்டும். பெடல் நன்றாக இருந்தால் அங்கிருந்து சக்கரம் நோக்கி ஒவ்வொரு கட்டமாக வாருங்கள்: ஒருவழி வால்வு, தேக்கக் குப்பி, சொலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு), சட்டத்தோடு ஓடும் இரும்புக் குழாய், பிறகு சக்கரத்தருகே உள்ள ரப்பர் ஹோஸ். கையால் இயக்கும் வேக்கம் பம்ப் ஒன்று கிடைத்தால், ஒவ்வொரு கட்டத்திலும் 0.5 பார் இழுத்து ஒரு நிமிடம் நிற்கிறதா என்று பார்க்கலாம். முள் இறங்கும் கட்டத்தில்தான் கசிவு.

என்னைக் கேட்டால், கடைசியில் சொன்ன ரப்பர் ஹோஸிலிருந்தே தொடங்குவேன். ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்வது அதுதான். வெயில், சேறு, கல் எல்லாம் அதன்மேல்தான். நேராகத் தொங்கும்போது பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வளையும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தி மடக்கினால், மயிரிழைபோல் இருந்த வெடிப்பு வாயைத் திறக்கும். விரலை எடுத்தால் மூடிக்கொள்ளும். ஸ்டியரிங்கை நேராக வைத்துச் சோதித்தால் தேறும் வண்டி, திருப்பத்தில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். டேப் சுற்றி ஒப்பேற்றாமல், வேக்கத்துக்கென்று விற்கும் தடித்த ஹோஸையே போடுங்கள். மெல்லிய தண்ணீர்க் குழாய் வேக்கத்தில் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடும். கழற்றிய ஹோஸுக்குள் தண்ணீரோ கிரீஸோ இருந்தால் ஹப்பின் சீல் போயிருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றாமல் வேலை முடியாது.

சொலினாய்டைச் சந்தேகித்தால், சற்று நேரத்துக்கு அதைத் தாண்டி, பூட்டும் குழாய்க்கு வேக்கத்தை நேராகக் கொடுத்துப் பாருங்கள். ஹப் பூட்டிக்கொண்டால் சொலினாய்டோ அதற்கு வரும் மின்சாரமோதான் பழுது. காற்று உள்ளே வரும் சிறு வடிகட்டி தூசியால் அடைத்திருந்தால் ஹப் பூட்டும், ஆனால் விடுபடாது. அதைப் பற்றியும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு 4எச் போட்டு ஓட்டினேன். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் ஸ்டியரிங் இறுகி, திருப்பங்களில் வண்டி இழுத்துப் பிடித்தது. ‘டக்’கென்று ஓசையும் வந்தது. 2எச் போட்டாலும் வெகுநேரம் விடவில்லை. ஏதாவது உடைந்துவிட்டதா?

பதில்: உடைந்திருக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் இதையே தொடர்ந்து செய்தால் உடையும். தேவைக்கு மட்டும் இணைக்கும் வகை நான்கு சக்கர அமைப்பில் முன் தண்டுக்கும் பின் தண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றாக வேண்டும். திருப்பத்திலோ முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வழியில் போகின்றன. சேற்றில் டயர் சற்று வழுக்கி அந்த வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தாரில் வழுக்க முடியாததால் தண்டுகள் முறுக்கேறுகின்றன. அந்த முறுக்கு பற்களை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் ஸ்லீவ் வெளியே வர மறுக்கிறது. நேராகச் சில மீட்டர் பின்னோக்கி ஓட்டினால் முறுக்கு அவிழ்ந்து பெரும்பாலும் உடனே விட்டுவிடும். முறுக்கோடு போராடும் மோட்டார்தான் நாளடைவில் போகிறது என்பதால், சாலைக்கு ஏறும் முன்பே 2எச் போட்டுவிடும் பழக்கம் நல்லது.

நேரான சாலையிலும் இறுக்கம் இருந்தால் டயர்களை அளந்து பாருங்கள். முன்னால் புதிய டயர், பின்னால் 6 மில்லிமீட்டர் தேய்ந்த டயர் என்று வைத்துக்கொண்டால், 350 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 38 மில்லிமீட்டர் வேறுபடும். ஒரு கிலோமீட்டருக்கு அது 17 மீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த 17 மீட்டரை எங்காவது வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். டயரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, ஒரு முழுச் சுற்று உருட்டி, தரையில் விழுந்த இரு குறிகளுக்கும் நடுவே நாடா வைத்து அளந்தால், உங்கள் நான்கு டயர்களின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

கேள்வி: ட்ரான்ஸ்ஃபர் கேஸ் எண்ணெய் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கிறது. எண்ணெயை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. உள்ளே தண்ணீர் போன வழியையும் அடைக்க வேண்டும். ஓடிச் சூடேறிய பெட்டி ஆழமான தண்ணீரில் இறங்கியதும் குளிர்கிறது, உள்ளே உள்ள காற்று சுருங்குகிறது. மூச்சுக்குழாய் திறந்திருந்தால் மேலே இருந்து காற்று வரும், அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள், நுனியில் மண்ணோ குளவிக் கூடோ அடைத்திருக்கலாம். பிறகு உங்கள் வண்டியின் கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணெயையே ஊற்றுங்கள்; சில பெட்டிகளுக்குத் தானியங்கி கியர் எண்ணெய், சிலவற்றுக்குத் தடித்த கியர் எண்ணெய், ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. நிரப்பும் துளையை முதலில் திறந்து அது திறக்கிறது என்று உறுதி செய்துகொண்ட பிறகே வடிக்கும் துளையைத் திறக்க வேண்டும். வடிந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள்: மாவுபோல் சாம்பல் நிறப் பொடி இருந்தால் வழக்கமான தேய்மானம், விரலில் குத்தும் செதில் இருந்தால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. புதிய எண்ணெயோடு 100 கிலோமீட்டர் அளவுக்கு ஓட்டிவிட்டு நிரப்பும் துளையில் விரலை விட்டுப் பார்த்து, மறுபடி வெளுத்திருந்தால் இன்னொரு முறையும் மாற்றிவிடுங்கள்.